கண்டெடுத்த கல் இப்போது எங்கே?

மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. ஏரிக்கரையிலோ கம்பங்கொல்லை வரப்பிலோ பாதி புதைந்த ஒரு கல். எழுத்துக் குழிகளில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து எடுப்பாகக் காட்டியிருப்பார்கள். சுற்றிலும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கல்லூரி விரிவுரையாளர், கடைவீதி வியாபாரி, இரண்டு மாணவர்கள், கல்லைக் காட்டிக்கொடுத்த நிலக்காரர். கீழே ‘வரலாற்று ஆய்வு மையம்’, ‘தொல்லியல் கழகம்’ என்று ஊர்ப்பெயரோடு ஓர் அமைப்பு. தலைப்பு பெரும்பாலும் ‘ஆயிரம் ஆண்டுப் பழைமை’ என்றே தொடங்கும்.

இந்தப் படங்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் இன்று உலகம் பேசும் இடங்கள் பலவும் முதலில் இப்படிப்பட்டவர்கள் கண்ணில்தான் பட்டன. கீழடியில் 1970-களில் மாணவர்கள் கொண்டுவந்து கொடுத்த பொருள்களைப் பார்த்து இது வெறும் தென்னந்தோப்பு இல்லை என்று சந்தேகப்பட்டவர் பள்ளி வரலாற்று ஆசிரியர் வை. பாலசுப்பிரமணியம். மத்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு தொடங்கியது 2015-இல். கொடுமணலை முதலில் அடையாளம் கண்டவர்களில் ஒருவர், தமிழாசிரியராகத் தொடங்கிப் பின்னாளில் தமிழ்ப் பல்கலைக்கழகக் கல்வெட்டுத் துறைக்குப் போன புலவர் செ. இராசு. மயிலாடுதுறைக்கு அருகே செம்பியன்கண்டியூரில் 2006-இல் வெளிவந்த புதிய கற்காலக் கைக்கோடரி, ஓர் ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டியபோது கிடைத்தது. அதிலுள்ள கீறல்கள் சிந்துவெளிக் குறியீடுகளா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்தக் கல்லைக் கழுவித் துடைத்து விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்காவிட்டால் அந்த விவாதமே எழுந்திருக்காது.

ஆகவே உள்ளூர்க்காரர்களால் கண்டுபிடிக்க முடியுமா என்பது இப்போது கேள்வியே இல்லை. கண்டுபிடித்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. செய்தி வந்து மூன்று ஆண்டு கழித்து அந்தக் கல்லைத் தேடிப் போகிறவருக்கு வரப்பு இடம் மாறியிருக்கும். கல் கோயில் படியாகவோ வேலிக்காலாகவோ போயிருக்கும். எழுத்தின் முழுப் பாடமும் எங்கேயும் அச்சாகியிருக்காது. ஒரு சிற்றூர் வரலாற்றுக் குழுவை எத்தனை கண்டுபிடித்தது என்று எண்ணிப் பார்த்து மதிப்பிடுவதைவிட, அது கண்டதை இன்னொருவர் போய்த் திரும்பப் பார்க்க முடியுமா என்று கேட்டு மதிப்பிடுவதே நியாயம். அந்த அளவுகோலை வைத்தால் தமிழகத்துப் படம் வெகுவாக மாறிவிடுகிறது.

அளவுகோலுக்கு முன்மாதிரி புதுக்கோட்டை. தொண்டைமான்களின் சின்னஞ்சிறு சமஸ்தானம் அது. 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு சேர்ந்தது. 1910-இலேயே அங்கே அருங்காட்சியகம் வந்துவிட்டது. மகாராஜா கல்லூரி முதல்வராக இருந்த எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916-இல் சமஸ்தானத்தின் வரலாற்றை எழுதினார். சித்தன்னவாசலைப் பற்றிய முதல் குறிப்புகளில் ஒன்று அந்த நூலில்தான் இருக்கிறது. தொ. அ. கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேயும் அங்குள்ள குடைவரை ஓவியங்களை வெளியுலகுக்குக் கொண்டுபோனது அதற்குப் பிறகு. 1929-இல் சமஸ்தானத்திலிருந்த கல்வெட்டுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, அரச மரபு வாரியாக வரிசைப்படுத்தப்பட்டு மூலபாடத்தோடு அச்சாயின. 1940-களில் கே. ஆர். சீனிவாச ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. கே. ஆர். வெங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தான நூல் தொகுதிகளில் ஊர் ஊராக, கோயில் கோயிலாக விவரம் இருக்கிறது: குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு, நார்த்தாமலையின் விசயாலய சோழீச்சரம், கொடும்பாளூர் மூவர்கோயில், இவற்றோடு பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான ஊர்க் கோயில்களும்.

அது அரசாங்கத்தின் வேலை, கழகத்தின் வேலை இல்லை என்று சொல்லலாம். சரிதான். ஆனால் அளவு ஒரு மாவட்டத்துக்கும் குறைவு. செய்தவர்கள் சில கல்லூரி ஆசிரியர்களும் அலுவலர்களும். பெரிய மேதைமையோ பெருந்தொகையோ தேவைப்படவில்லை. பட்டியல் போடும் பொறுமை தேவைப்பட்டது. இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் ஒரு கல்வெட்டைப் பார்க்கிற ஆர்வலர் முதலில் செய்வது 1929 தொகுதியைப் புரட்டி இது ஏற்கெனவே பதிவானதா என்று பார்ப்பதுதான். ‘புதிய கண்டுபிடிப்பு’ என்று அவசரப்பட்டு அறிவிக்கும் வழக்கம் அங்கே குறைவாக இருந்தால் அதற்கு இதுவே காரணம். உள்ளூர்த் தொல்லியல் ஆர்வலர்கள் நெடுநாள் கேட்டுவந்த பொற்பனைக்கோட்டை அகழாய்வு 2021-இல் நடந்தது. மாநிலத் தொல்லியல் துறை 2023-இல் அங்கே மறுபடி மண்ணைத் திறந்தது.

சென்னை மாகாணத்தின் மற்ற பகுதிகளுக்கு 1886-இல் அமர்த்தப்பட்ட கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸும் அவருக்குப் பின் வந்தவர்களும் கல்வெட்டுகளைப் படியெடுத்து ஆண்டறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்த படிகளில் பெரும்பகுதி இன்னும் முழுப் பாடமாக அச்சாகவில்லை. மைசூரில் கிடந்த தமிழ்ப் படிகளைச் சென்னைக்கு அனுப்பச் சொல்லி 2021-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு உத்தரவிட வேண்டியிருந்தது. உள்ளூர்க் குழுக்கள் இந்த இடைவெளியில்தான் முளைத்தன. தங்கள் ஊர்க் கோயில் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நூறாண்டு காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

படியெடுப்பது பார்க்க எளிது. கல்லை நார்ப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த தாளை ஒட்டி, குமிழி இல்லாமல் பிரஷ்ஷால் அடித்து எழுத்துக் குழிக்குள் இறக்க வேண்டும். ஈரம் சற்று உலர்ந்ததும் மை தோய்த்த பொதியால் ஒற்ற வேண்டும். பள்ளமான எழுத்து வெள்ளையாகவும் மேட்டுப்பரப்பு கறுப்பாகவும் வரும். மசிப்படி கையில் இருந்தால் கல் அழிந்தாலும் வாசகம் பிழைக்கும். சாக்பீஸ் பொடி அப்படியில்லை. எந்தக் கோட்டை எழுத்து என்று பொடி பூசுகிறவர் நினைக்கிறாரோ அந்தக் கோடுதான் படத்தில் தெரியும். படத்தை வைத்து வாசிக்கிற அறிஞரும் அதே பிழையை வாசிப்பார். மாலை நேரச் சாய்வெயிலிலோ பக்கவாட்டில் டார்ச் அடித்தோ எடுத்த புகைப்படம் எவ்வளவோ மேல். இது கைபேசி வைத்திருக்கிற எவருக்கும் கைவரும் வித்தை. ஆனாலும் பொடி பூசும் பழக்கம் போகவில்லை.

ஒழுங்காகப் பதிவு செய்வதற்குக் களம் இல்லாமலும் இல்லை. தஞ்சாவூரை மையமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் ‘ஆவணம்’ இதழை வெளியிடுகிறது. அதில் ஒரு கல்வெட்டு வெளியாக வேண்டுமானால் ஊர், வட்டம், கல் இருக்கும் இடம், எழுத்தின் காலம், வரி பிரித்த பாடம் எல்லாம் தந்தாக வேண்டும். பேராசிரியர்களும் கிராமத்து ஆசிரியர்களும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். திருச்சியில் கண் மருத்துவர் இரா. கலைக்கோவன் 1982-இல் தொடங்கிய டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்று ஆய்வு மையம் இன்னும் ஒரு படி மேலே போனது. பகலில் மருத்துவம், விடுமுறையில் கோயில் என்று தொடங்கிய பணி, குடைவரைகளையும் கற்றளிகளையும் அங்குலம் அங்குலமாக அளந்து விவரிக்கும் நூல்வரிசையாக வளர்ந்தது. ‘வரலாறு’ என்ற ஆய்விதழும் அங்கிருந்தே வந்தது. அந்த நூல்கள் விறுவிறுப்பான வாசிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தூணின் கட்டு, சதுரம், போதிகையின் வளைவு என்று பக்கம் பக்கமாகப் போகும். ஒரு திருப்பணியில் அந்தத் தூண் பிடுங்கப்பட்டால், அது எப்படி இருந்தது என்று சொல்ல அந்தப் பக்கங்கள் மட்டுமே மிஞ்சும்.

பதிவு எவ்வளவு முக்கியம் என்பது செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நடுகற்களில் முழுதாகத் தெரியும். அரசர் பெயர் மேலே இருக்கும். கல் யாருக்கு நட்டதோ அவர் பெரும்பாலும் மாடு மீட்கப்போய்ச் செத்த சாதாரண ஆள். செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, எருமையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்பவருக்கு எடுத்தது. இரண்டு கள்ளர்களைக் கடித்து அங்கேயே காவல் நின்ற அவருடைய நாய்க்கும் கல்லில் உருவம் இருக்கிறது. கோவிவன் என்று பெயரும் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் சேவகர்களில் பலருக்குக் கிடைக்காத பேறு அந்த நாய்க்குக் கிடைத்தது. மாநிலத் தொல்லியல் துறை இரா. நாகசாமியின் தலைமையில் இந்தக் கற்களைத் தேடித் தொகுத்து, 1972-இல் செங்கம் நடுகற்களைப் புத்தகமாக்கியது. அப்போது பதிவாகியிருக்காவிட்டால் கோவிவனின் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

பதிவாகாத கற்கள் இரண்டு வகையில் போகின்றன. புதையல் தேடுகிறவர்கள் நடுகல்லைப் பெயர்த்துவிட்டு அடியில் தோண்டுகிறார்கள். கல்திட்டைகளின் பலகைகளையும் உடைக்கிறார்கள். இன்னொரு வகை மெதுவானது. கல்லை வேடியப்பனாகவோ குலசாமியாகவோ கும்பிடும் ஊரில் ஆண்டுதோறும் எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்து மூடிப்போகிறது. இதில் ஊர்மக்களைக் குறை சொல்லும் கட்டுரைகளில் ஒருபாதி நியாயம்தான் உண்டு. அந்தக் கும்பிடுதான் அந்தக் கல்லை ஆயிரம் ஆண்டு காத்துவந்தது. பூசை நின்ற கற்கள்தாம் முதலில் மதகுக்கும் வேலிக்கும் போயின. விவரம் தெரிந்த குழுக்கள் பூசாரியிடம் பேசி, திருவிழாவுக்கு முன்னால் கல்லைக் கழுவும் ஒருநாளில் படியெடுத்துக்கொள்கின்றன. சண்டையும் இல்லை, சட்டமும் தேவைப்படவில்லை.

பள்ளிகளில் நடப்பது தனிக்கதை. தமிழக அரசுப் பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள் அமைக்கச் சொல்லி ஆணை உண்டு. பல இடங்களில் அது அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடுகிறது. இராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் அப்படி நிற்கவில்லை. அங்கே மாணவ மாணவியர் தமிழ்ப் பிராமியும் வட்டெழுத்தும் வாசிக்கப் பழகினார்கள், படியெடுத்தார்கள், தங்கள் தெருவிலும் பாட்டி வீட்டிலும் கிடந்த காசுகளையும் பானை ஓடுகளையும் கொண்டுவந்து பட்டியலிட்டார்கள். கடலோரத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தன் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் சீனப் பீங்கான் துண்டு எந்த நூற்றாண்டு வணிகத்தின் மிச்சம் என்று தெரிவது சிறிய காரியம் இல்லை. ஓர் ஆசிரியர் இருந்தால் மன்றம் உயிரோடு இருக்கிறது, அவர் மாற்றலானால் பீரோவுக்குப் போகிறது என்பதே இந்தத் திட்டத்தின் பலவீனம். பீரோச் சாவி யாரிடம் என்பதைக்கூட எழுதிவைக்காத பள்ளிகள் உண்டு.

பதிவே இல்லாத இந்த ஊர்களுக்குத் தரங்கம்பாடியின் நிலை நேர்மாறு. அங்கே ஆவணம் ஏராளம். அவை இருக்கும் இடம்தான் வேறு. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்பாடு செய்துகொண்டு டேனியர் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1706-இல் மறைபணியாளர் சீகன்பால்கு வந்தார். சில ஆண்டுகளில் அச்சுப்பொறி வந்தது. 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டேனியர் போனார்கள். துறைமுக வணிகம் மங்கியது. ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது. வளர்ச்சி தேங்கியதால்தான் வீதிகள் பழைய வடிவிலேயே பிழைத்தன.

கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் கோட்டை பழுதுபார்க்கப்பட்டது. டென்மார்க்கில் 2002-இல் ஆர்வலர்கள் தொடங்கிய தரங்கம்பாடிச் சங்கமும், டேனிய தேசிய அருங்காட்சியகமும், இந்திய அமைப்பான இன்டாக்கும் வேலை செய்தன. சீகன்பால்கு வாழ்ந்த வீடு 2017-இல் அருங்காட்சியகமானது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் இதே ஊரில் 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அந்தக் கோயிலின் கல்வெட்டில்தான் ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்று வருகிறது. 2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த மீனவர் குப்பத்தின் இருநூறு ஆண்டுக் கதை எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது? ஆளுநர் மாளிகையின் ஒவ்வொரு கதவுக்கும் கோபன்ஹேகனில் காகிதம் உண்டு. கோட்டைக்கு மீன் கொண்டுபோன குடும்பத்துக்கு இல்லை. பணம் கொடுக்கிறவர் தன் பாட்டனைத் தேடிக்கொண்டுதான் வருவார், அது குற்றமில்லை. உள்ளூரில் அதற்கு ஈடான ஒரு சங்கம் வலுவாக இல்லாமல் போனதுதான் குறை.

உள்ளூர்ச் சங்கம் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் எவரும் மேடையில் பேசாத ஒன்று வருகிறது: சாதி. ஊர் வரலாறு என்ற பெயரில் அச்சாகும் புத்தகங்களில் கணிசமானவை ஒரு சமூகத்தின் வரலாறு. மூவேந்தரில் ஒருவரையாவது சொந்தக்காரராக்காமல் அவை முடிவதில்லை. கல்வெட்டில் தமக்குச் சாதகமான வரியை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரியை விட்டுவிடுவதும் நடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலக் கல்வெட்டு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் வரிவிலக்குப் பெற்ற நிலப் பகுதிகளோடு பெயர் சொல்லிக் குறிக்கிறது. சோழர் பெருமை பேசும் ஊர்ப் புத்தகங்கள் எத்தனையில் அந்தச் சொற்கள் இடம்பெறுகின்றன? புலவர் இராசு கொங்கு வட்டாரத்துச் சமூகச் செப்பேடுகளையும் பட்டயங்களையும் வீடு வீடாகத் தேடித் தொகுத்தபோது முழுப் பாடத்தையும் அச்சிட்டார். பட்டயம் உரிமை கொண்டாடும் பெருமையும் அதில் இருக்கிறது. அந்தப் பெருமை யாரைக் கீழே வைத்தது என்பதும் இருக்கிறது. முழுப் பாடம் அச்சிடுவதன் நன்மை அதுதான். பின்னால் வருகிறவர் வேறு கேள்வி கேட்கலாம்.

கோயில் திருப்பணி இன்னொரு போர்க்களம். குடமுழுக்குக்கு நாள் குறித்தபின் கல்லைப் ‘புதுசாக்க’ மணல்வீச்சு எந்திரம் வரும்; எழுத்து மழுங்கும். இப்போது அதற்குத் தடை உண்டு. பளிங்குத் தரை போடுவதும், எழுத்துள்ள கல்லைத் தலைகீழாகப் பொருத்துவதும் நின்றபாடில்லை. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கத் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கும் மேலாயிற்று. இதற்கிடையே உள்ளூர்க்காரர்கள் கண்டுபிடித்த வழி நீதிமன்றம். ஆதிச்சநல்லூரில் 2004-இல் தொடங்கிய அகழாய்வின் அறிக்கை பதினைந்து ஆண்டுக்கு மேல் வெளிவராமல் கிடந்தது. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்து எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு போட்ட பொதுநல வழக்கு அதை அசைத்த காரணங்களில் முக்கியமானது. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நூறாண்டுக்கு முன் அதே மேட்டில் தோண்டியெடுத்தவற்றின் பட்டியல் 1915-இலேயே அச்சில் வந்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

வழக்கைவிடப் பெரிய வெற்றி மதுரைப் பக்கத்தில் கிடைத்தது. ஆனைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனைக்கு எதிர்ப்பு எழுந்த 2010-ஐ ஒட்டி, எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கியது ‘பசுமை நடை’. மாதம் ஒரு ஞாயிறு, ஒரு சமணர் குன்று. தொல்லியல் அறிஞர் சொல்லக் கேட்பது, பிறகு எல்லோரும் உட்கார்ந்து காலை உணவு. ஆய்வுக் கழகம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி என்ற பெயர்களை மதுரைக்காரர்கள் வாயில் புழங்கவைத்தது. அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம், பாண்டியர் காலக் குடைவரை எல்லாம் ஒரே மலைத்தொடரில் இருக்கின்றன. 2022-இல் அரசு அங்கே ஏறத்தாழ 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானபோது ஊர்மக்கள் கையில் வெறும் உணர்ச்சி மட்டும் இருக்கவில்லை. நூற்றாண்டாகப் பதிவான கல்வெட்டுகளும், அரசே கொடுத்த அறிவிப்பாணையும் இருந்தன. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. மதுரை வரை நடந்தார்கள். 2025 சனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இவ்வளவும் பழைய கல்லைப் பற்றியது. குழுக்கள் பெரும்பாலும் கல்லையே பார்க்கின்றன. அதிலும் நாயக்கர் காலத்துக்கு இந்தப் பக்கம் வந்தால் ஆர்வம் குறைகிறது. சிற்றூரின் நேற்றைய வாழ்வு, அதாவது டூரிங் டாக்கீஸ், அரிசி ஆலை, நெசவாளர் சங்கம், சத்திரம், நாடகக் கொட்டகை, நகராட்சியின் பழைய வரிப்பேரேடு எல்லாம் எடைக்குப் போகின்றன. செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தனித்தனியாக விற்பனைக்கு நிற்கின்றன. எந்த வீட்டின் எந்தக் கட்டிலிருந்து வந்தவை என்ற விவரம் அவற்றோடு வருவதில்லை.

விதிவிலக்குகள் அந்த வட்டாரத்திலேயே உண்டு. புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் ஆசிரியச் சம்பளத்தில் வாங்கிச் சேர்த்த நூல்கள் ஞானாலயா என்ற நூலகமாயின. முதல் பதிப்புகளைத் தேடிப் பல ஊர்களிலிருந்தும் அங்கே ஆராய்ச்சியாளர்கள் போனார்கள். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். அறிஞர் மதிக்கும் நூல்களோடு, குஜிலிப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதும் அதில் இருந்தது. பூச்சி அரிக்காமலிருக்க ஒவ்வொன்றையும் கையாலேயே பேணினார். 1992-இல் அவர் இறந்தபின் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்து, பட்டியலிட்டு, நுண்படம் எடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் நாடகத்தையோ சினிமாப் பாட்டையோ பற்றி இன்று யார் ஆராய்ந்தாலும் அந்தப் பட்டியலில் ஒரு எண்ணைக் குறித்துக் கொடுத்துத்தான் கோட்டையூர்க்காரரின் நோட்டீஸைக் கையில் வாங்குகிறார்கள்.